இருபத்தேழாவது படலம்

மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் கயல்விழிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் இயற்பியல் கற்பிக்கிறாள். அன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மின்னஞ்சலைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அதன் பிறகு அன்றைக்கு ஒரு தாளும் திருத்தவில்லை.

எழுதியது ஓர் ஆய்விதழின் அலுவலகம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த இதழில் வெளிவந்த அவளுடைய கட்டுரையைப் பற்றியது. அதில் சொன்ன முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, கொரியாவில் ஓர் ஆய்வுக்கூடமும் வட இந்தியாவில் ஓர் ஆய்வுக்கூடமும் படலம் வளர்த்துப் பார்த்திருக்கின்றன. கட்டுரையில் காட்டியது போல ஒன்றுகூட வரவில்லை. அறுபது நாட்களுக்குள் கட்டுரையாளர்கள் விளக்கம் தர வேண்டும். இல்லையென்றால், இதன் முடிவுகளை நம்ப இயலவில்லை என்ற அறிவிப்பு கட்டுரையின் தலையில் நிரந்தரமாக ஏறிவிடும். விளக்கத்தில், இன்று உயிரோடு இருக்கும் கட்டுரையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கட்டுரையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விவசாயிகள் பூஞ்சாணத்துக்கு அடிக்கிற அதே மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, லாக்டிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் மை போல நீலமான கரைசல் கிடைக்கும். அதை அறுபது டிகிரிக்குச் சூடாக்கி, மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள ஒரு கண்ணாடித் துண்டை இறக்கி, அரை வோல்ட்டுக்கும் குறைவாக மின்னழுத்தம் கொடுத்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணாடியின் மேல் செங்கல் நிறத்தில் தாமிர ஆக்சைடு படிந்து வளரும். படியும் ஒவ்வொரு துகளும் ஒரு படிகம். வெயில் பட்டால் அந்தப் படலம் மின்சாரம் தரும். படிகங்கள் பொடிப்பொடியாக இருந்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையிலுள்ள எல்லைகளில் அந்த மின்சாரம் இடறி வீணாகிவிடும். மற்ற எல்லோருக்கும் அது பொடி உப்பு மாதிரிதான் வந்துகொண்டிருந்தது. இவர்களுடைய கட்டுரையில் மட்டும் கல்கண்டு மாதிரி, பட்டை தீட்டிய முக்கோண முகங்களோடு வந்திருந்தது.

கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது பேராசிரியர் வெள்ளியங்கிரி, கயல்விழியின் நெறியாளர். கொரோனாவின் இரண்டாவது அலையில் இறந்துபோனார். இரண்டாவது கயல்விழி. மூன்றாவது சிவக்குமார். அவளோடு அதே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவன், பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவன். இப்போது புதுச்சத்திரத்தில் முட்டைக் கோழிப் பண்ணை நடத்துகிறான்.

மூன்று வாரங்களில் கயல்விழி தன் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆறு படலங்கள் வளர்த்தாள். புதிய கருவி, புதிய கண்ணாடி, சுத்தமான தண்ணீர். ஆறும் பொடி உப்பு. ஆறாவதைக் கழுவி உலர்த்திய மாலையில், மேசையின் கடைசி இழுப்பறையிலிருந்து பழைய கேமரா பிலிம் டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே பஞ்சில் சுற்றிய கண்ணாடித் துண்டு, இருபத்தேழாவது படலத்தின் பாதி. மறுபாதி அளவெடுப்பதற்கு உடைத்ததில் போய்விட்டது. ஜன்னலோரம் அதைச் சாய்த்துப் பிடித்தபோது, செங்கல் நிறத்துக்குள்ளிருந்து மணல் மணலாக வெளிச்சம் தெறித்தது. பன்னிரண்டு வருடமாகியும் அது மங்கவில்லை.

அந்தத் துண்டை அவள் வளர்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த இருபத்தேழு படலங்களில் முதல் இருபத்துநான்கும் அவளுடையவை, எல்லாம் பொடி. கடைசி மூன்று மட்டும்தான் கல்கண்டு. மூன்றையும் வளர்த்தது சிவக்குமார். அவளுக்கு ஒருமுறைகூட வராதது அவனுக்கு எப்படி மூன்று முறையும் வந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நெறியாளர் மகிழ்ச்சியில் இருந்தார். கண்ணாடி தீர்ந்துவிட்டிருந்தது. ஆய்வேட்டை முடிக்க வேண்டிய அவசரம். அவள் கேள்வியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். இப்போது அதை வெளியே எடுக்காமல் முடியாது.

அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு முதலில் ஞாபகம் வருவது சத்தம்தான். அவர்கள் ஆய்வு செய்த கல்லூரி சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கம் இருந்தது. சுற்றிலும் விசைத்தறிகள். நாள் முழுவதும் அந்தத் தடதடப்பு சுவருக்குள்ளேயே இருப்பது போலக் கேட்கும்; கொஞ்ச நாளில் காது அதை மறந்துவிடும். திடீரென்று ஒரு கணத்தில் அத்தனை தறிகளும் ஒன்றாக நிற்கும். மின்விசிறி தானாக வேகம் குறைந்து நிற்பதற்கு முன்பே, வெளியே காக்காய் கத்துவது கேட்டுவிடும். கரண்ட் போய்விட்டது என்று அப்படித்தான் தெரியும்.

அது 2012. சேலத்தில் அந்த வருடம் மின்வெட்டு மழை மாதிரி, வெயில் மாதிரி ஆகிவிட்டிருந்தது. பகலில் முக்கால் மணி நேரம் இருக்கும், முக்கால் மணி நேரம் இருக்காது. சில நாள் இருப்பது அரை மணியாகும். மாவரைப்பதும் துணி இஸ்திரி போடுவதும் அதற்கேற்ப நடந்தன. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன்கூட நேரம் பார்த்துத்தான் இயந்திரத்தை ஓட்டினான். ஆய்வுக்கூடத்தில் ஒரு யுபிஎஸ் இருந்தது. அதன் பேட்டரியை முதல்வர் அறைக் கணினிக்கென்று எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை.

வெள்ளியங்கிரி சார் ஒரு விதி வைத்திருந்தார். படலம் வளரும்போது கரண்ட் போனால் அந்தப் படலம் செல்லாது. கணக்கில் எடுக்கக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும். கயல்விழி அந்த விதியை வேதம் போலக் காப்பாற்றினாள். பனமரத்துப்பட்டியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அந்தப் பகுதியில் மின்வெட்டு இருக்காது. அதற்குள் கரைசலைச் சூடாக்கி, ஒரு மணி நேரப் படலத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் வளர்த்து எடுத்துவிடுவாள்.

சிவக்குமாரால் அது முடியாது. காலையில் பண்ணையில் முட்டை பொறுக்கிக் கொடுத்துவிட்டு, புதுச்சத்திரத்தில் பேருந்து ஏறி, ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது பத்து மணி தாண்டிவிடும். சட்டையில் எப்போதும் லேசாகத் தீவன வாசனை இருக்கும். அவள் தினமும் திட்டுவாள். அவனும் தினமும் நாளையிலிருந்து சீக்கிரம் வருவதாகச் சொல்வான். கரண்ட் போனவுடன் இருவரும் எதிரே ஆத்தாயி அக்கா கடைக்குப் போவார்கள். விறகடுப்பு என்பதால் அந்தக் கடைக்கு மின்வெட்டு தெரியாது. தறிக்காரர்கள், டைப் அடிக்கிறவர்கள், வங்கியின் கடைநிலை ஊழியர் என்று தெருவே அங்கே வந்து நிற்கும். கரண்ட் வந்ததும் மொத்தத் தெருவும் ஒரு சத்தம் போடும். டம்ளரை வைத்துவிட்டு எல்லோரும் ஓடுவார்கள். அவ்வளவு சிரமமான வருடம் அது. ஆனால் அதற்குப் பிறகு அப்படி ஒரு கூட்டத்தோடு நின்று அவள் டீ குடித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவள் குறிப்பேட்டையும் பிலிம் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு புதுச்சத்திரம் போனாள்.

சிவக்குமாரின் மனைவி சௌந்தர்யா கேட்டிலேயே வந்து நின்றிருந்தாள். திருமணத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் நேற்றுப் பேசியவள் போலக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சிவக்குமார் முட்டை அறையில் இருந்தான். காதோரம் நரைத்திருந்தது, உடம்பு போட்டிருந்தது. அட்டைகளில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினான்.

"ஏனுங்க டாக்டரு, பன்னெண்டு வருசம் கழிச்சு இந்தப் பக்கம் வழி தெரிஞ்சுதுங்களா?"

"வழி தெரியாம இல்ல சிவா. வாரதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல."

"காரணமில்லாம வந்தா நாங்க என்ன கேட்டையா பூட்டிப்போடுவோம்?"

விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தான். அவள் மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னாள். ஆறு முறை தோற்றதையும் சொன்னாள். அவன் இடையில் கேட்ட கேள்விகளிலிருந்து எதையும் மறக்கவில்லை என்று தெரிந்தது. காரத்தன்மை எவ்வளவு வைத்தாள், கண்ணாடியை எதில் கழுவினாள், மயில்துத்தம் எந்த ஆண்டு வாங்கியது என்று வரிசையாகக் கேட்டான். அவள் பிலிம் டப்பாவைத் திறந்து துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த விதம் அவள் பார்ப்பது போலவே இருந்தது.

பிறகு அவள் கேட்டாள். பேருந்தில் வரும்போது பலவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம், வெளியே வந்தபோது நன்றாக இல்லை.

"அந்த மூணுல மட்டும் நீங்க வேற ஏதாச்சும் செஞ்சீங்களா, சிவா? எங்கிட்டச் சொல்லாம?"

"என்னத்தங்க செய்யறது? கரைசல்ல கல்லு உப்பா போட்டேன்?" சிரித்துக்கொண்டே சொன்னவன், அவள் சிரிக்காததைப் பார்த்தான். சிரிப்பு போக ஒரு நொடி ஆயிற்று. "எங்கயோ வாங்கிட்டு வந்து நம்முதுன்னு வெச்சுட்டேன்னு நெனைக்கறீங்களா?"

அவள் முட்டை அட்டைகளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நினைப்பு பலமுறை வந்திருக்கிறது; ஆய்வேட்டை ஒப்படைத்த அன்றும், வேலை கிடைத்த அன்றும், வேறு யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஒவ்வொரு முறையும்.

"அப்ப பன்னெண்டு வருசமா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்களாட்டிருக்குது," என்றான். துண்டைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, மூடி அவள் பக்கம் தள்ளினான். எழுந்து, தீவனம் வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். தீவன வண்டி எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முட்டை அடுக்குகிற பெண்கள் அவளைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். போய்விடலாமா என்று நினைத்தாள். கையெழுத்து வாங்காமல் போவதில் அர்த்தமில்லை. இந்த நிலையில் கையெழுத்து கேட்கவும் வாய் வராது.

கால் மணி நேரம் கழித்து விசிறி நின்றது. அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையில் வந்திருக்க வேண்டியது பதினொரு மணிக்கு வந்தது. கொட்டகைப் பக்கம் ஜெனரேட்டர் தானாக உறுமி ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய சில நொடி அமைதியில், வேப்பமரத்தில் ஒரு காக்காய் கத்தியது. வெளியிலிருந்து சிவக்குமாரின் குரல் வந்தது.

"சௌந்தர்யா, கரண்ட் போயிருச்சு பாரு. டீ வெய்யி."

சௌந்தர்யா கயல்விழியைப் பார்த்துச் சிரித்தாள். "கரண்டு போனா இவருக்கு டீ வேணுமுங்க்கா. கண்ணாலமான நாள்ல இருந்து இதே கதை. நடுச்சோத்துல போனாக்கூட டீதான். என்ன வேண்டுதலோ."

கயல்விழியும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, ஓரம் மடங்கிய பக்கத்தைத் திறந்தாள். இருபத்தேழாவது படலம். கையெழுத்து சிவக்குமாருடையது. தொடக்கம் 10.35. வெப்பம் 60. மொத்த நேரம் 60 நிமிடம். பக்கத்தின் ஓரத்தில், சின்ன எழுத்தில், இரண்டு குறிப்புகள்: டீ 11.00. டீ 12.15. அந்தக் குறிப்புகளை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். சிவா எதையும் எழுதி வைப்பான் என்று நினைத்து, கடந்து போயிருக்கிறாள்.

சிவக்குமார் கதவருகில் வந்து நின்றான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"பத்து முப்பத்தஞ்சுக்கு ஆரம்பிச்ச படலம்," என்றாள். "ஒரு மணி நேரம்னா பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு முடிஞ்சிருக்கணும். பன்னெண்டே காலுக்கு இதுல எதுக்கு டீ?"

அவன் உள்ளே வந்து, நின்றபடியே பக்கத்தைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அட சாமி," என்றான்.

அவன் சொன்னது இதுதான். செப்டம்பரில் கண்ணாடி மூன்றே துண்டுகள் மிச்சமிருந்தன. அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அவன் வந்து சேர்கிற நேரமெல்லாம் மின்வெட்டு நேரம். கரண்ட் போனால் துண்டைத் தூக்கிப் போட வேண்டும் என்பது சாரின் விதி. தூக்கிப் போட்டால் மூன்று நாளில் மூன்றும் தீர்ந்துவிடும், அவள் முகத்தில் விழிக்க முடியாது. அவள் அந்த மாதம் முழுவதும், அதுவரை வளர்த்த படலங்களைப் பல்கலைக்கழகத்தில் அளவெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இல்லை. முதல் துண்டில் கரண்ட் போனபோது, கரைசலுக்குள்ளேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. மின்னழுத்தம் கொடுத்தது முள் காட்டுகிற பழைய பெட்டி. விட்ட இடத்திலிருந்து தானாக ஓடியது. மீதி நேரத்தைக் கூட்டி, கரண்ட் இருந்த நிமிடங்கள் அறுபது ஆனதும் எடுத்தான். மற்ற இரண்டையும் அப்படியே செய்தான். கரண்ட் போனது என்று குறிப்பேட்டில் எழுதினால் செல்லாது என்றாகிவிடும். கூட்டிப் பார்க்க நேரம் வேண்டுமே என்று டீ என்று எழுதி வைத்தான்.

"நவம்பர்ல அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. நான் இங்க வந்துட்டேன். கரண்டு போனதுனாலதான் அது நல்லா வந்துச்சுன்னு எனக்கு அப்பத் தோணவே இல்லீங்க. கரண்டு போயும் தப்பிச்சுக்கிச்சேன்னுதான் நெனச்சேன்."

சௌந்தர்யா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"நீங்க நெனச்சது பாதி சரிதானுங்க," என்றான் சிவக்குமார். "ஏமாத்தத்தான் செஞ்சிருக்கறேன். என்ன, டீயில ஏமாத்திருக்கறேன்."

காலி முட்டை அட்டை ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் பேனாவால் எழுதத் தொடங்கினான். அந்த மாதம் ஒரு தடவைக்கு மின்வெட்டு முக்கால் மணி. அட்டவணை ஆய்வுக்கூடக் கதவிலேயே ஒட்டியிருந்தது. 10.35 முதல் 11.00 வரை இருபத்தைந்து நிமிடம். 11.45க்குக் கரண்ட் வந்திருக்கும். 12.15 வரை முப்பது. அடுத்தது 1.00க்கு. மிச்சம் ஐந்து. கூட்டினால் அறுபது. இருவரும் அந்த அறுபதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயல்விழிக்கு இன்னொன்றும் புரிந்தது. இரண்டு வருடம் இருட்டில் எழுந்து, முதல் பேருந்தைப் பிடித்து, கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து அவள் வளர்த்த இருபத்துநான்கும் பொடியாக வந்ததற்குக் காரணம், அவள் அவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான். கொரியாக்காரர்களும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள்.

ஆனால் முட்டை அட்டையில் வந்த கணக்கை இதழுக்கு அனுப்ப முடியாது. செய்து காட்ட வேண்டும். அறுபது நாளில் முப்பத்தொன்று மிச்சமிருந்தது.

அடுத்த புதன்கிழமை சிவக்குமார் அவளுடைய கல்லூரிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் கரைசலின் மேல் குனிந்து மூக்கால் இழுத்தான். "லாக்டிக் அமிலம் அதே வாசம்ங்க," என்றான். அவளுக்கு அதில் வாசனை இருந்ததாகவே நினைவில்லை.

முதல் தடவை, இருபத்தைந்தாவது நிமிடத்தில் கருவியை மட்டும் நிறுத்தி, முக்கால் மணி கழித்து மறுபடி ஓட்டினார்கள். படலம் வந்தது. அவளுடைய அந்த ஆறையும்விட மணி கொஞ்சம் பெரிதாக இருந்தது, கல்கண்டு இல்லை. கயல்விழி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணக்கு தவறு, அல்லது அவன் சொன்னது முழுவதும் உண்மையில்லை. இரண்டாவது நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. அவன் அவளைப் பார்க்காமல், கரைசலுக்கு அடியில் சிவப்பாக எரியும் சூடேற்றியின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அடுப்பும் சேந்துதானுங்களே அணைஞ்சுது," என்றான்.

அன்று எல்லாமே அணைந்திருந்தன. சூடேற்றி, கரைசலைக் கலக்கும் இயந்திரம், விசிறி. அசையாத கரைசல் முக்கால் மணி நேரத்தில் மெல்ல ஆறியிருக்கும். அப்படி ஆறும்போது சின்னப் படிகங்கள் கரைந்து, பெரியவை மட்டும் நின்றிருக்கும். கரண்ட் வந்தபோது புதிதாக எதுவும் முளைக்காமல், நின்றவையே வளர்ந்திருக்கும்.

கல்லூரியில் கரண்ட் போனால் பத்து நொடியில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தின் மின்பலகையைத் தனியாக நிறுத்த, மறுநாள் கல்லூரி எலக்ட்ரீசியன் மணியனைக் கூப்பிட்டாள். மணியன் பிரச்சினை என்னவென்று கேட்டார். பிரச்சினை இல்லை, கரண்ட்டை நிறுத்த வேண்டும் என்றாள்.

"பத்தொம்பது வருச சர்வீசுங்க மேடம். ஏன் கரண்ட் போச்சுன்னுதான் எல்லாரும் கூப்புட்டுத் திட்டுவாங்க. போகச் சொல்லிக் கூப்புட்டது நீங்கதான்."

"இன்னும் ஒருக்கா வந்து நிறுத்தணும், பன்னெண்டே காலுக்கு."

"நேரம் வேற சொல்லிப்போட்டீங்களா," என்று முணுமுணுத்துக்கொண்டு மணியன் பலகையைத் திறந்தார்.

10.35க்குப் புதிய படலத்தைத் தொடங்கியிருந்தார்கள். பதினொரு மணிக்கு எல்லாம் நின்றது. கரைசலில் சுழன்றுகொண்டிருந்த சிறு காந்தம் தடுமாறி அடியில் படுத்தது. சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே எழுந்து கேண்டீனுக்கு நடந்தார்கள். அங்கே இயந்திர டீ. சிவக்குமார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தான். ஆத்தாயி அக்கா கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவனுக்கு அது தெரிந்திருந்தது. சேலம் போகும்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போவதாகச் சொன்னான். வண்டியை நிறுத்துவதில்லை, வெறுமனே அந்த வழியாகப் போவான். படிப்பை விட்டதில் வருத்தமா என்று அவள் கேட்டாள். பண்ணையில் அப்படிக் கேட்க யாரும் இல்லை என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோழி நன்றாகத்தான் போகிறது, கரண்ட் போனால் குடிக்கிற டீயைத்தான் விடமுடியவில்லை என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து வந்திருந்தாள். அவன் அதற்குள் கொட்டகைக்குத் தெளிப்பான் போட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

ஒன்று ஐந்துக்குப் படலத்தை எடுத்தார்கள். அவள் கழுவினாள், அவன் உலர்த்தினான். ஜன்னலுக்கு அவன் கொண்டுபோகவில்லை, அவளிடம் நீட்டினான். அவள் சாய்த்துப் பிடித்தாள். மணல் மணலாக வெளிச்சம் தெறித்தது. பிலிம் டப்பாவிலிருந்த துண்டைப் பக்கத்தில் வைத்தாள். எது பழையது, எது புதியது என்று சொல்ல ஒரு கணம் ஆயிற்று. சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மணியன், இதற்காகவா கரண்ட்டை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார்கள் இருவரும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தின் மின்னணு நுண்ணோக்கியில் முக்கோண முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதற்குள் இன்னும் இரண்டு படலங்கள் அதே போல வந்துவிட்டன.

விளக்கக் கடிதத்தை அவள் இரண்டு விதமாக எழுதினாள். ஒன்றில், வளர்ச்சியின்போது மின்தடைகள் ஏற்பட்டன, அவை அப்போது கவனத்தில் கொள்ளப்படவில்லை என்று இருந்தது. அது பொய் இல்லை. அதைப் படித்துவிட்டு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாவதில், விதியை மீறி மின்தடைக்குப் பின்னும் வளர்ச்சி தொடரப்பட்டது, அது குறிப்பேட்டில் மறைக்கப்பட்டது என்று இருந்தது. இரண்டையும் தொலைபேசியில் சிவக்குமாருக்குப் படித்துக் காட்டினாள்.

மறுமுனையில் கோழிச் சத்தம் தள்ளிப் போனது; அவன் கொட்டகையை விட்டு வெளியே வந்திருந்தான்.

"ரெண்டாவதயே அனுப்புங்க," என்றான். "எம் பேரப் போட்டு எழுதுங்க. யாரோ செஞ்சாங்கன்னு எழுதாதீங்க. அப்பறம் உங்களத்தான் சந்தேகப்படுவாங்க."

கையெழுத்துப் போடும் தாளில் தற்போதைய முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே என்ன எழுதுவது என்று கேட்டான். இப்போது இருக்கிற இடத்தைத்தான் எழுத வேண்டும் என்றாள். அவன் பண்ணையின் பெயரைத் தெளிவாக, பெரிய எழுத்தில், புதுச்சத்திரம் அஞ்சல் என்பது வரை எழுதி அனுப்பினான்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. புதிய படலங்களின் அளவுகளை இதழ் ஏற்றுக்கொண்டது. கட்டுரை நிற்கும், மின்தடையைச் சேர்த்து ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடப்படும், அதில் மீறலும் சொல்லப்படும். அதற்கு முன் சரிபார்ப்பவர் ஒருவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். தடை ஏற்பட்ட நேரங்களை இவ்வளவு துல்லியமாகத் தருகிறீர்கள். மறைக்கப்பட்டது என்றும் சொல்கிறீர்கள். குறிப்பேட்டில் பதிவாகாத நேரங்கள் பன்னிரண்டு வருடம் கழித்து எப்படித் தெரிந்தன?

கயல்விழி குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாள். ஓரத்தில் இருந்த இரண்டு குறிப்புகளையும் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, படத்தை இணைத்து, கீழே எழுதினாள்: நேரங்கள் அன்றே பதிவாகியிருக்கின்றன. எங்கள் ஊரில் அந்த வருடம் மின்சாரம் போனால்தான் நாங்கள் டீ குடிக்கப் போவோம்.